கூற்றும் கேட்போரும்

பாட்டைக் கேட்டு இன்புறுவோர் பலர். அதைப் பாடியவர் யார் என்று வினவுவோர் சிலர். பாட்டின் உள்ளே நின்று பேசுபவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலர். தமிழ் பயிலும் நமக்கு இந்த மூன்றாம் வினா புதியது அன்று. குறுந்தொகையைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு சிறு குறிப்பு நிற்கிறது: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. பாடியவர் கபிலராக இருப்பார். பேசுபவள் தோழியாக இருப்பாள். புலவர் வேறு, பாட்டில் பேசும் மாந்தர் வேறு என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. நாமோ தேர்வுக்காக இதனை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறோம்.

இந்தப் பழைய பாடம் இன்றைய வாழ்வுக்கும் வேண்டுவதே என்பதை எனக்கு உணர்த்தியவை சங்கப் பாட்டுகள் அல்ல. ஜப்பான் நாட்டுக் கணினிப் பாட்டுகள். நம் விடுதியில் மாலை நேரத்தில் நடந்து சென்றால் பத்து அறைகளில் ஓர் அறையிலேனும் அவை ஒலிக்கக் கேட்கலாம். அவற்றுள் இருள் நிறைந்த சில பாட்டுகளைத் தமிழாக்க முயன்றபோது நான் எண்ணியவற்றை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஜப்பானிய மொழியை இரண்டு ஆண்டுகளாக நூல்களின் துணைகொண்டு பயின்று வருகிறேன். புலமை என்று சொல்லத் தக்க அளவு இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் படித்துப் பொருள் காணும் அளவு உண்டு.

இந்தப் பாட்டுகளை அறியாத நண்பர்களுக்கு முதலில் சில செய்திகள். ஜப்பானின் யமஹா நிறுவனத்தார் ‘வோக்கலாய்டு’ என்னும் முறையை உருவாக்கினர். கணினியைப் பாட வைக்கும் முறை அது. அதன் வழியே அமைந்த முதல் குரல்கள் 2004-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. சப்போரோ நகரத்தைச் சேர்ந்த கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்டு 31-இல் ‘ஹட்சுனே மிக்கு’ என்னும் குரலை வெளியிட்டது. உலகப் புகழ் பெற்றது அந்தக் குரலே. ‘எதிர்காலத்தின் முதல் ஒலி’ என்பது அந்தப் பெயரின் கருத்து. சாக்கி புஜிதா என்னும் நடிகையாரின் குரலைச் சிறு சிறு ஒலித்துண்டுகளாகப் பதிந்து வைத்திருக்கின்றனர். எழுத்தொலிகளை மட்டும் பதியவில்லை. ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்குக் குரல் நழுவிச் செல்லும் இடங்களையும் பதிந்துள்ளனர். பாட்டு இயற்றுபவர் சுரத்தையும் சொல்லையும் கணினிக்குக் கொடுத்தால் போதும். துண்டுகளைக் கோத்து, சுரத்துக்கு ஏற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் அது பாடிவிடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ககமினே ரின், ககமினே லென் என்னும் இரட்டைக் குரல்கள் வந்தன. அவ்விரண்டுக்கும் குரல் தந்தவர் அசாமி ஷிமோடா என்னும் ஒரே நடிகையார்.

இதனால் விளைந்தது என்ன? பாடகர் வேண்டா, பாட்டரங்கு வேண்டா, பெருமுதல் வேண்டா. தன் அறையில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு மாணவன் கூடத் தன் பாட்டைப் பாட ஒரு குரல் பெற்றான். விலைபோகும் பாட்டை மட்டுமே விரும்புகின்ற வாணிக உலகம் ஏற்க மறுக்கும் செய்திகள் எல்லாம் பாட்டாகத் தொடங்கின. வகுப்பில் பிறரால் துன்புறும் பிள்ளை, தேர்வைக் கண்டு அஞ்சும் பிள்ளை, யாருக்கும் வேண்டாதவர் போலத் தம்மை எண்ணிக்கொள்ளும் பிள்ளை, இவர்களெல்லாம் அந்தப் பாட்டுகளில் பேசினர். வோவாக்கா என்பவர் 2010-இல் இயற்றிய ‘ரோலிங் கேர்ள்’ அத்தகையது. காஸ்மோ என்பவர் இயற்றிய ‘ஹட்சுனே மிக்குவின் மறைவு’ அத்தகையது. நெரு என்பவர் 2013-இல் இயற்றி, ரின் குரலில் பாடவைத்த ஒரு பாட்டும் அத்தகையது. அதன் தலைப்பைத் ‘தொலைந்தவரின் ஓலம்’ என்று தமிழில் சொல்லலாம். என்னை மொழிபெயர்ப்பில் இறக்கிவிட்டது அந்த ஓலந்தான்.

என் சித்தியின் குடும்பம் சித்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்கிறது. வீட்டில் பேசுவது தமிழ். சித்தியின் மகள் பத்தாம் வகுப்பு வரை பயின்றது தெலுங்குப் பள்ளி. பிறகு திருப்பதியில், தங்கிப் படிக்கும் இண்டர்மீடியட் கல்லூரி ஒன்றில் அவளைச் சேர்த்தனர். அதன் பெயர் நமக்கு வேண்டா. அத்தகைய கல்லூரிகள் பல. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் இரவு பத்து மணி வரை படிப்பு. பாடநூல் ஆங்கிலத்தில். இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம். அதில் மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்பதே அதற்குக் காரணம். வாரந்தோறும் தேர்வு, தேர்வுதோறும் வரிசை எண், வரிசை எண்ணுக்கு ஏற்ப வகுப்பறை மாற்றம்.

தசரா விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது நானும் சென்றிருந்தேன். அவள் முன்போல் பேசவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்திக்கு அது விளங்கவில்லை. விளங்காததனால் அச்சம் மிகுந்தது.

“ஏம்பா, நீதான் அந்த பாஷை படிக்கிறேன்னு சொல்றியே. இது இன்னா பாட்டு? பாட்டா அழுகையா ஒண்ணும் புரியலியே. என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லேன்” என்றார்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ‘சொல்லாதே அண்ணா’ என்று அந்தப் பார்வை வேண்டியதா, ‘சொல்லு அண்ணா’ என்று வேண்டியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நண்பர்களே! மொழிபெயர்ப்பு என்பது தாளில் செய்யும் வேலை என்றே நாம் நினைக்கிறோம். அன்று அது ஒரு வீட்டுத் திண்ணையில் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. எனக்கு முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. “ஒன்றும் இல்லை சித்தி, பள்ளிக்கூடத்துப் பாட்டு” என்று மழுப்பிவிடுவது ஒரு வழி. அப்படிச் சொன்னால் சித்தி அமைதி அடைவார். பிள்ளை தன் துன்பத்தோடு தனியே நிற்பாள். பாட்டில் வரும் கூரிய சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து அப்படியே சொல்வது மற்றொரு வழி. அப்படிச் சொன்னால் சித்தி நடுங்கிப்போவார்; கைப்பேசி பறிபோகும்; பிள்ளையோ அப்போதும் தனியே நிற்பாள். இரு வழிகளும் சென்று சேரும் இடம் ஒன்றே.

ஆகவே நான் கூற்றிலிருந்து தொடங்கினேன். “சித்தி, இதைப் பாடுவது கணினி. எழுதியவர் ஓர் ஆடவர். ஆனால் பாட்டுக்குள்ளே பேசுவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் பிடிக்கும். மொழிப்பாடம் மட்டும் வரவில்லை. எது சரி, எது தப்பு என்றே தெரியாமல் தவிக்கிறது. ‘இதைப் படிக்கத் தெரியுமா, அதைத் தீர்க்கத் தெரியுமா’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பார் இல்லை. அதனால் மனம் புண்பட்டுக் கதறுகிறது” என்றேன்.

சித்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மொழிப்பாடம்னா எந்த பாஷை?” என்று கேட்டார்.

நான் விடை சொல்வதற்கு முன்பே தங்கை பேசினாள். “எந்த பாஷையிலயும் எனக்குச் சொல்ல வரலைம்மா” என்றாள்.

அன்றிரவு தாயும் மகளும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். இப்போது அவள் விடுதியை விட்டு வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் சென்று வருகிறாள். அந்தப் பாட்டையும் கேட்கிறாள். வேறு பாட்டுகளையும் கேட்கிறாள்.

சித்தி கேட்ட கேள்வி சிறியது. ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்கு அது பெரிய கேள்வி. ஜப்பானியப் பாட்டில் உள்ள சொல் ‘கொகுகொ’. ‘நாட்டு மொழி’ என்று அதனைப் பிரித்துப் பொருள் சொல்லலாம். ஜப்பானியப் பள்ளிகளில் ஜப்பானிய மொழிப் பாடத்துக்கு அதுவே பெயர். மதுரையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பவர் அதற்குத் ‘தமிழ்ப்பாடம்’ என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடலாம். சித்தூரில் அப்படி எழுத முடியுமா?

நம் மண்ணின் வரலாறு அப்படிப்பட்டது. வட ஆர்க்காட்டின் சில பகுதிகளையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனோடு சேர்ந்தது. 1960-இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக் கோடு இடம் மாறியது; மக்கள் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். தாயோடு தமிழ், ஆசிரியரோடு தெலுங்கு, புத்தகத்தோடு ஆங்கிலம், மதிப்பெண்ணுக்குச் சமஸ்கிருதம் என்று நான்கு மொழிகளுக்கு இடையே ஒரு பிள்ளை வளர்கிறாள். நான்கும் செல்வமே, மறுப்பார் இல்லை. ஆனால் நான்கிலும் அவளிடம் தேர்வு வைத்தோமே தவிர, அவள் துயரைச் சொல்ல ஒன்றிலேனும் இடம் வைத்தோமா? தன் துயரைத் தானே சொல்லக் கேட்பதற்கு அவள் ஐந்தாம் மொழி ஒன்றைத் தேடிப் போனாள். ஆகவே ‘மொழிப்பாடம்’ என்றே எழுதி விட்டிருக்கிறேன். எந்த மொழி என்று படிப்பவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி எழுவதே மொழிபெயர்ப்பின் பயன்.

விடுமுறை முடிந்து வந்தபின் அந்தப் பாட்டையும் மற்ற இரண்டையும் முழுமையாகத் தமிழாக்கத் தொடங்கினேன். அப்போது நம் மொழியின் இயல்புகள் சில எனக்குப் புதியனவாகத் தோன்றின.

ஜப்பானிய வினைச்சொல் எழுவாயைக் காட்டுவதில்லை. ‘மறைதல்’ என்னும் வினை அங்கே ஒரே வடிவில் நிற்கும். மறைவது நானா, நீயா, அவளா என்று அந்த வடிவு சொல்லாது. இடம் நோக்கி உணர வேண்டும். தமிழ் வினைமுற்றோ திணை, பால், எண், இடம் அனைத்தையும் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வரும். மறைகிறேன் என்றால் நான். மறைகிறாய் என்றால் நீ. மறைகிறாள் என்றால் அவள். இருள் பாட்டில் இந்த வால் மிகவும் பொல்லாதது. யார் மறைவது என்று கவிஞர் சொல்லாமல் விட்ட இடத்தில் நாம் ஒருவரைப் பிடித்து நிறுத்திவிடுகிறோம். இதற்கு மாற்று நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வேண்டும், இல்லை, உண்டு, முடியும் என்பன எல்லா இடத்துக்கும் பொதுவாக வருவன. ‘இங்கே இருக்க முடியவில்லை’ என்றால் அது யாருக்கும் பொருந்தும். கவிஞர் மூடிவைத்த இடங்களில் நானும் இந்தப் பொதுச் சொற்களால் மூடிவைத்தேன்.

தன்மைப் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘நான்’ என்பதற்கு ஜப்பானியத்தில் சொற்கள் பல. ‘வத்தாஷி’ என்பது பொதுச் சொல். ‘பொக்கு’ என்பது பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும் சொல்வது. பெண் குரலில் ஒலிக்கும் பாட்டுகள் பலவற்றில் ‘பொக்கு’ வருகிறது. குரல் சிறுமியுடையது, சொல் சிறுவனுடையது. ஆகவே கேட்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அந்த ‘நான்’ தானே என்று எண்ண இடம் உண்டு. தமிழ் ‘நான்’ ஆண்பாலும் அன்று, பெண்பாலும் அன்று. இந்த ஓரிடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனுக்குக் கவலையே இல்லை.

இனி, சாவைப் பற்றிய சொற்கள். ஜப்பானியத்தில் ‘கியெரு’ என்று ஒரு வினை உண்டு. விளக்கு அணைவதற்கும், எழுத்து அழிவதற்கும், பனி கரைவதற்கும், ஆள் காணாமற் போவதற்கும் அந்த ஒரு சொல்லே வரும். ‘சாதல்’ என்பதற்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. இருள் பாட்டுகளில் அடிக்கடி வருவது முதற் சொல். தன் இருப்பே பிறர்க்குச் சுமை என்று எண்ணும் பிள்ளையின் சொல் அது. அதனைச் ‘சாக வேண்டும்’ என்று மொழிபெயர்த்தால் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தவர் ஆவோம். அணைதல், அழிதல், கரைதல், மறைதல் என்று நான்கு சொற்களைத் தமிழ் தருகிறது. இடம் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும். காஸ்மோவின் பாட்டில் பேசுவது மிக்கு என்னும் கணினிக் குரலே. பாட மறந்து, பழுதாகி, நீக்கப்படும் நிலையில் அது பேசுகிறது. மனிதர் எவரும் தொடர முடியாத விரைவில் சொற்களைக் கொட்டுகிறது. அங்கே ‘அழிதல்’ மிகப் பொருந்தும். எழுத்தை அழிப்பதும் அழித்தல். உயிரை அழிப்பதும் அழித்தல்.

நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக மங்கலத்தைச் சொல்கிறார். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கலம். விளக்கை அணை என்னாது குளிர வை என்பதும் அத்தகையதே. இது நம் மொழியின் பண்பு, பெருமைக்குரிய பண்பு. ஆனால் இருள் பாட்டை மொழிபெயர்ப்பவனை இந்தப் பண்பு வழிமறிக்கும். மங்கல வழக்கு, இறந்தவரைப் பற்றி இருப்பவர் பேசும்போது ஆறுதல் தருவது. இருக்கும் பிள்ளை தன் நோவைச் சொல்லும்போது அந்தச் சொல்லை நாம் மங்கலமாக்கினால், நோவின் கூர் மழுங்கும். கேட்பவர் எழுந்து ஓடிவர மாட்டார். ஆகவே பாட்டின் உள்ளே மங்கலத்தை விலக்கினேன். தலைப்பில் மட்டும் ‘மறைவு’ என்னும் சொல்லை ஏற்றேன். காணாமற் போவதையும் சாவையும் அது ஒருங்கே குறிக்கிறது. மூலத்தின் இருபொருளும் அதில் தங்குகின்றன.

‘ரோலிங் கேர்ள்’ பாட்டில் மூச்சைப் பற்றிய ஒரு தொடர் வருகிறது. மூச்சைச் சிறிது பிடித்து வைத்துக்கொள்வதற்கும், மூச்சே நின்றுபோகச் செய்வதற்கும் அந்தத் தொடர் பொருந்தும். இதனைக் கொண்டு அந்தப் பெண் இறந்தாள் என்பார் சிலர். ஒரு கணம் நின்று ஓய்ந்தாள் என்பார் சிலர். தமிழில் ‘மூச்சு அடங்கியது’ என்றால் முடிவு. ‘மூச்சை அடக்கினான்’ என்றால் யோகம். ‘அடக்குதல்’ என்று எழுதினேன். எந்தப் பொருள் என்று முடிவு செய்வது என் வேலை அன்று. இரண்டையும் காப்பதே என் வேலை.

இந்தப் பாட்டைப் பற்றி மற்றொன்று சொல்ல வேண்டும். வோவாக்கா 2019 ஏப்ரலில் முப்பத்தோராம் வயதில் இதயச் செயலிழப்பால் காலமானார். பாட்டையும் பாடியவர் முடிவையும் முடிச்சுப் போட விரும்பும் மனம் நமக்கு எளிதில் வரும். அப்போதுதான் கூற்று என்னும் பழைய பாடம் துணை நிற்கிறது. பாட்டில் பேசிய சிறுமி வேறு. பாட்டை இயற்றிய கலைஞர் வேறு.

ஆண் ஒருவர் பெண்ணின் கூற்றாகப் பாடுவது இந்த மலையடிவாரத்துக்குப் புதுமையா? நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடினார். தாள்ளப்பாக்க அன்னமய்யா 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். வேங்கடவன்மேல் அவர் பாடிய தெலுங்குச் சிருங்காரப் பாட்டுகளில் தலைவியின் ஏக்கம் பேசுகிறது. திருமலைக் கோயிலின் ஓர் அறையில் செப்பேடுகளாய்க் கிடந்த அந்தப் பாட்டுகள் 1922-இல் வெளிப்பட்டன. கூற்றுக்கு உரியவள் இல்லாமலே கூற்று நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

பிறர் துயரைத் தன் குரலில் அழுவதும் நமக்குப் பழக்கமே. சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாவில் படுகளம் நடக்கும். களிமண்ணால் துரியோதனன் உருவைத் தரையில் பெரிதாகச் செய்து கிடத்துவர். அவன் வீழ்ந்தபின் காந்தாரி வேடம் பூண்டவர் ஒப்பாரி வைப்பார். வீழ்ந்தவன் தீயவன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணீர் விடுவதைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுதது துரியோதனனுக்காக மட்டும் அன்று. வீட்டில் அழ முடியாத அழுகையை எல்லாம் அந்த மண்ணுருவின் பக்கத்தில் அழுது தீர்த்தனர். ஹட்சுனே மிக்குவும் அத்தகைய ஓர் உருவந்தான். தனக்கென உயிர் இல்லாத குரல் ஆதலால் யார் துயரையும் அதன்மேல் ஏற்றலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படுகளத்தில் ஊரே கூடி நிற்கிறது. அழுபவளுக்குப் பக்கத்தில் மற்றொருத்தி இருக்கிறாள். அழுது முடிந்ததும் கைபிடித்து எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். காதில் கருவியைச் செருகிக்கொண்டு விளக்கணைத்த விடுதி அறையில் பாட்டுக் கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்?

தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்றைச் சொன்ன கையோடு கேட்போர் என்பதையும் ஓர் உறுப்பாகச் சொல்கிறார். பேசுபவர் இருந்தால் மட்டும் செய்யுள் நிறைவதில்லை, கேட்பவரும் வேண்டும். தலைவி தோழியிடம் சொல்கிறாள், செவிலி கேட்கிறாள், பாங்கன் கேட்கிறான். அகப்பாட்டில் எத்துணைத் துயரம் இருந்தாலும் அதற்கு ஒரு செவி இருக்கிறது. பாலையின் வெம்மையைத் தலைவி தாங்குவது அந்தச் செவியால் அன்றோ? ஜப்பானிய இருள் பாட்டில் பேசும் பிள்ளைக்குக் கேட்போர் இல்லை. அதுவே அதன் இருள். அந்தக் குறைபட்ட உறுப்பை ஒட்டவைப்பதே மொழிபெயர்ப்பு என்று நான் கருதுகிறேன்.

‘இத்தகைய பாட்டுகள் மாணவர் மனத்தைக் கெடுக்கும், இவற்றைத் தமிழில் வேறு கொண்டுவர வேண்டுமா?’ என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. சாவை அழகுபடுத்திக் காட்டிக் கைதட்டல் வாங்க முயலும் பாட்டுகளும் இருக்கின்றன; அவற்றை நான் தொடவில்லை. யார் பேசுகிறார், யாரை நோக்கி, என்ன பயன் கருதி என்னும் மூன்று வினாக்களை விடுத்தால் இரண்டு வகைகளும் பெரும்பாலும் பிரிந்துவிடும். துயரை மெய்யாகச் சொல்லும் பாட்டோ துயரை உண்டாக்குவதில்லை. முன்பே இருக்கும் துயருக்குச் சொல் கொடுக்கிறது. 2019 ஏப்ரலில் தெலங்கானாவில் இண்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளிவந்தபின் இருபதுக்கு மேற்பட்ட மாணவர் உயிர் துறந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்தப் பிள்ளைகளின் துயரைப் பாட்டு உண்டாக்கவில்லை. அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல்லும், கேட்க ஒரு செவியும் கிடைத்திருக்க வேண்டும்.

மாணவர் இருளைப் பாடுவது வெளிநாட்டிலிருந்து வந்த புது நோயும் அன்று. சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்த இராமலிங்க ரெட்டியார் பிற்காலத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கியவர். அவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது ‘முசலம்ம மரணம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை எழுதினார். ஏரி உடைந்து ஊர் அழியாதிருக்க ஓர் இளம்பெண் தன்னையே வெள்ளத்துக்குக் கொடுக்கும் கதை அது. அனந்தப்பூர்ப் பக்கத்து மக்கள் அவளைத் தெய்வமாக வணங்குகின்றனர். அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இறந்தபின் கோயில் எடுப்பது எளிது. இருக்கும்போது செவி கொடுப்பதே அரிது.

மன்றத்து நண்பர்களே! நம்முள் பலர் பல மொழி அறிந்தவர்கள். எல்லைப்புறத்தில் பிறந்ததனால் மொழிபெயர்ப்பு நமக்குத் தாய்ப்பாலோடு வந்த கலை. கடையில் தெலுங்கு பேசி, வீட்டில் தமிழ் பேசி, இடையில் ஆயிரம் சொற்களை நாம் நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அந்தத் திறத்தைத் திரைக்கதைக்கும் தேர்வுக்கும் மட்டும் செலவிடாமல், பக்கத்து அறைக்கும் சிறிது செலவிடுவோம். உங்கள் அறைத் தோழர் ஒரு பாட்டையே இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால், பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். ‘இது என்ன சொல்கிறது? எனக்கும் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர் தம் மொழியில் அதைச் சொல்லத் தொடங்கும்போதே பாதி இருள் விலகும். மீதிப் பாதி நம் கைக்கு மிஞ்சியது என்று தோன்றினால், மைய அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.

மூன்று பாட்டுகளின் தமிழாக்கத்தையும் நம் மன்ற நூலகத்தில் கையெழுத்துப் படியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் கூற்றுக் குறிப்பு எழுதியிருக்கிறேன். ‘கேட்போர்’ என்னும் இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன். படிப்பவர் தம் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம்.